க்யூபை வேகமாகச் சேர்க்க: எந்தத் தளத்தை எப்போது திறப்பது

கோடை விடுமுறை வந்தால் வேலூர் லாங்கு பஜார் பக்கம் பொம்மைக் கடைகளில் ரூபிக்ஸ் க்யூப் தொங்க ஆரம்பித்துவிடும். வாங்கிய அன்று மாலையே பசங்கள் கைப்பேசியில் தேடுவது 'ஃபார்முலா' என்ற சொல்லைத்தான்; எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்ற குறிப்பு அது. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு யூடியூப் கொண்டுவந்து கொட்டுவதில் பாதி, அரை நிமிடத் துண்டு வீடியோக்கள். இந்த ஒரே ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் போடு, எந்த க்யூபும் பக்கத்துக்கு ஒரு நிறமாகச் சேர்ந்துவிடும் என்பார்கள்.

சேராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எந்த ஃபார்முலாவை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டாலும், க்யூப் ஒரு கட்டத்தில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். அப்படிச் சுற்றி வருவதில் மிக நீளமான சுற்றுக்கே 1260 முறைதான். க்யூப் நிற்கக்கூடிய நிலைகளோ 43,252,003,274,489,856,000. நம் கணக்கில் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் கோடி கோடிக்கும் மேல். அதில் அதிகபட்சம் 1260 நிலைகளைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ஃபார்முலா, உங்கள் கையில் இருக்கும் க்யூபைச் சேர்க்கும் என்று நம்புவது லாட்டரிச் சீட்டைவிட மோசம். வீடியோவில் எப்படிச் சேர்ந்தது என்றால், அதே ஃபார்முலாவால்தான் முன்கூட்டியே கலைத்து வைத்திருப்பார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. க்யூப் கற்றுக்கொள்ள இணையத்தில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதிகமாகக் கிடக்கிறது என்பதுதான் தொல்லை. 2 நிமிடத்தில் சேர்ப்பவர் 10 விநாடிக்காரருக்கான வீடியோவைப் பார்க்கிறார், 40 விநாடியில் நிற்பவர் ஐம்பது ஃபார்முலா மனப்பாடம் செய்கிறார், இரண்டு பேருக்கும் நேரம் குறைவதில்லை. ஒவ்வொரு தளமும் ஒரு வேலைக்குத்தான் நல்லது. உங்கள் நேரம் இப்போது என்ன என்பதைப் பார்த்து, அதற்கானதை மட்டும் திறந்து, மற்ற டேப்களை மூடிவிட வேண்டும்.

ஆறு எழுத்தும் ஒரு கோடும்

ஆங்கிலம் தடையாக இருக்கும் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். குடியாத்தத்திலோ ஆரணியிலோ தமிழ் வழியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கும் இந்தத் தளங்கள் போதுமான அளவு புரியும். தேவைப்படுவது ஆறு எழுத்தும் ஏழெட்டுச் சொற்களும்தான்.

வலது பக்கம் ஆர், இடது எல், மேல் யூ, கீழ் டி, முன் எஃப், பின் பி. எழுத்து மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் வட்டம். மேலே சின்னக் கோடு இருந்தால் எதிர்த்திசை. 'ஆர் பிரைம்' என்று படிப்பார்கள். 2 இருந்தால் அரை வட்டம். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: கடிகாரத் திசை என்பது அந்தப் பக்கத்தை நேருக்கு நேர் பார்த்தால் தெரியும் திசை. முன்னிருந்து பார்க்கும்போது ஆர் மேலே ஏறும், எல் கீழே இறங்கும். யூ போட்டால் முன்பக்கத் துண்டுகள் இடப்பக்கம் போகும், டி போட்டால் வலப்பக்கம். இந்த நாலையும் கை தானாகச் செய்யும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

சிறிய எழுத்தில் ஆர் இருந்தால் வலதுபக்கம் இரண்டு அடுக்கையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நடு அடுக்கு எம். அது எல் போகும் திசையில் போகும், ஆர் திசையில் அல்ல. ஃபார்முலாவை ஒழுங்காகத்தான் போட்டேன், ஆனாலும் க்யூப் கலைந்துவிட்டது என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குச் சிக்கல் இந்த எம்மில்தான். இன்னொரு சிக்கல் வாட்ஸ்அப். ஃபார்முலாவை நகலெடுத்து அனுப்பும்போதும் நோட்டில் எழுதும்போதும் அந்தச் சின்னக் கோடு காணாமல் போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் அழியும்.

இதற்கென்றே ட்விஸில் என்ற தளம் இருக்கிறது. ஃபார்முலாவை அதில் ஒட்டினால் திரையில் ஒரு க்யூப் அதைச் செய்து காட்டும்; நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு திருப்பாகப் பார்க்கலாம். முடிவில் சேர்ந்த க்யூப் வரும்படி வைத்துக்கொண்டால், இந்த ஃபார்முலா எந்த நிலையிலிருந்து காப்பாற்றுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். இணையமே இல்லாமல் சரிபார்க்கவும் வழி உண்டு. ஆர் யூ ஆர்' யூ' என்ற நாலு திருப்பை, சேர்ந்த க்யூபில் 6 முறை போட்டால் க்யூப் மீண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். டி பெர்ம் எனப்படும் (இந்த டி வெறும் பெயர், கீழ்ப்பக்க டி அல்ல) 14 திருப்பு, அதாவது ஆர் யூ ஆர்' யூ' ஆர்' எஃப் ஆர்2 யூ' ஆர்' யூ' ஆர் யூ ஆர்' எஃப்', இரண்டு முறை போட்டால் சேர வேண்டும். சேரவில்லை என்றால் எழுதியதில் தப்பு, அல்லது கையில் தப்பு.

சொற்கள் என்று பார்த்தால்: ஸ்க்ராம்பிள் என்பது கலைக்கும் வரிசை. கேஸ் என்பது ஒரு நிலை. ஸ்லாட், துண்டு போய் உட்கார வேண்டிய பொந்து. ஃபார்முலாவை அங்கே அல்காரிதம் என்பார்கள், சுருக்கமாக ஆல்க். தேடும்போது இந்தச் சொல்லைப் போட்டாலே குப்பை பாதி குறையும். பிடியை மாற்றுவது ரீக்ரிப். அடுத்த துண்டை முன்கூட்டியே கண்ணால் தேடுவது லுக் அஹெட். இவ்வளவுதான். வீடியோவில் பேச்சு வேகமாக இருந்தால் யூடியூப் அமைப்பில் வேகத்தை 0.5 ஆக்கிக்கொள்ளலாம். கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கமா, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும்; எந்த விரல் எந்த அடுக்கைத் தட்டுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

முதல் முறை சேர்க்கும்வரை

ஜே பெர்ம் யூடியூப் சேனலில் தொடக்கநிலைப் பாடம் ஒன்று இருக்கிறது, அதே பெயரில் தளமும் உண்டு. ஃபெலிக்ஸ் ஜெம்டெக்ஸ் என்ற ஆஸ்திரேலிய முன்னாள் உலக சாம்பியன் நடத்தும் க்யூப் ஸ்கில்ஸ் தளத்திலும் தொடக்கப் பாடம் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு முடிக்கும்வரை அதிலேயே நிற்க வேண்டும். ஒருவர் வெள்ளையை மேலே பிடிக்கச் சொல்வார், இன்னொருவர் கீழே. ஒருவர் கடைசி அடுக்கில் கார்னரை (மூன்று நிற மூலைத் துண்டு) முதலில் திருப்புவார், இன்னொருவர் எட்ஜை (இரண்டு நிற ஓரத் துண்டு). பாதி அங்கே பாதி இங்கே என்று போனால் ஒரு படி, முந்தைய படியைக் கலைக்கும்.

என் கருத்து: வெள்ளைக் கூட்டல் குறியை, அதாவது வெள்ளை நடுத்துண்டைச் சுற்றி வரும் நாலு வெள்ளை எட்ஜை, கீழே வைத்தே சேர்க்கப் பழக்கும் பாடமாகப் பார்த்து எடுங்கள். மேலே வைத்துப் பழகினால் முதலில் சுலபமாகத் தெரியும். பின்னால் வேகமாக்கும்போது அந்தப் பழக்கத்தை உடைக்கவே ஒரு மாதம் போகும்.

நிறங்களைக் கொடுத்தால் விடை சொல்லும் சால்வர் தளங்கள் உண்டு. கற்றுக்கொள்ள அவை உதவாது. ஆனால் ஒரு வேலைக்குப் பயன்படும்: க்யூப் உண்மையிலேயே சேரக்கூடியதா என்று பார்க்க. மலிவான க்யூபில் வேகமாகத் திருப்பும்போது ஒரு கார்னர் அதே இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும். கழன்று விழுந்த துண்டைத் தம்பி எப்படியோ சொருகி வைத்திருப்பான். பிரித்து மாட்டும்போது கண்டபடி மாட்டினால் 12-ல் ஒரு வாய்ப்புதான், அது சேரக்கூடிய க்யூபாக இருக்க. அடையாளம் சுலபம். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கார்னர் மட்டும் முறுகி நின்றாலோ, ஒரே ஒரு எட்ஜ் மட்டும் தலைகீழாக நின்றாலோ, இரண்டே இரண்டு துண்டுகள் மட்டும் இடம் மாறி நின்றாலோ, 3×3-ல் உங்கள் தப்பு இல்லை. முறுகின கார்னரைக் கையால் திருகிவிடலாம். மற்ற இரண்டுக்கும் பிரித்துத்தான் மாட்ட வேண்டும். அந்த ஒரு மூலையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் பிள்ளைகள் உண்டு.

க்யூப் பற்றிக் கொஞ்சம்

நேரம் 1 நிமிடத்துக்கு வந்தபின் காந்தம் வைத்த க்யூப் ஒன்று வாங்கலாம். மோயூ, கிய்யீ, கான் என்று நிறுவனங்கள் இருக்கின்றன. விலை உயர்ந்தது வேண்டியதில்லை. வாங்கியதும் ஆறு திருகுகளும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி சிக்குகிறது என்றால் அந்தப் பக்கத் திருகு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருக வேண்டாம். ரொம்பத் தளர்த்தினால் கார்னர் முறுகும், துண்டு பறக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் வழுக்கும். அப்புறம் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே போன்ற பெட்ரோலிய வகைகள் பிளாஸ்டிக்கையே கெடுக்கும். க்யூபுக்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐம்பது அறுபது முறை திருப்பினால் பரவிவிடும். அதிகம் விட்டால் க்யூப் கனக்கும். கத்திரி வெயிலில் உள்ளங்கை வேர்த்து க்யூப் வழுக்கும்போது குறை எண்ணெயில் இல்லை. கையைக் கழுவி, க்யூபின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

சிஎஸ் டைமர்

சேர்க்கும் நேரத்தை அளக்கும் தளம். எந்தக் கட்டத்திலும் மூடக்கூடாத ஒரே டேப் இது. இலவசம். கலைக்கும் வரிசையை அதுவே தரும். வெள்ளை மேலே, பச்சை முன்னே பிடித்துக் கலைக்க வேண்டும். கணினியில் ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்து நிறம் மாறியதும் விட்டால் ஓடும், முடிந்ததும் தட்டினால் நிற்கும். கைப்பேசியில் திரையையே தொடலாம்.

இதைத் திறந்ததும் அமைப்பில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, 15 விநாடிப் பார்வை நேரத்தைப் போட்டுவையுங்கள். போட்டி விதியும் அதுதான். இரண்டு, மாதம் ஒருமுறை தரவைக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். நேரங்கள் எல்லாம் உங்கள் ப்ரவுசருக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று யாராவது ப்ரவுசர் தரவை அழித்தால் ஆறு மாதக் கணக்கும் போச்சு.

அங்கே தெரியும் எண்களில் ஒற்றை நேரத்தைப் பார்த்துக் குதிக்க வேண்டாம். ஏஓ5 என்பது கடைசி ஐந்தில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரி. ஏஓ12-லும் அதே போலத்தான். உங்கள் உண்மையான நேரம் ஏஓ100. இந்தக் கட்டுரையில் 30 விநாடி, 20 விநாடி என்று சொல்வதெல்லாம் அந்த எண்ணைத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: கலைக்கும் வகையை மாற்றும் பட்டியல். அதில் சிஎஃப்ஓபி (அடுத்த பகுதியில் வரும் முறை) என்ற பிரிவில், கூட்டல் குறி ஏற்கெனவே சேர்ந்த நிலை, கடைசி அடுக்கு மட்டும் மீதமுள்ள நிலை, பிஎல்எல் (கடைசியாக மேல் அடுக்கின் துண்டுகளை இடம் மாற்றும் படி) மட்டும் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். கருவிகள் பகுதியில் கூட்டல் குறிக்கு விடை காட்டும் வசதியும் இருக்கிறது. இந்த இரண்டும் பின்னால் வேலைக்கு வரும்.

ஒரு நிமிடத்திலிருந்து முப்பது விநாடிக்கு

வேகமாகச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் போகும் வழி சிஎஃப்ஓபி. முதலில் கீழே கூட்டல் குறி, அடுத்து முதல் இரண்டு அடுக்கும் ஒன்றாக, பிறகு மேல்பக்கம் முழுக்க ஒரே நிறம், கடைசியாக மேல் அடுக்கின் துண்டுகளை இடம் மாற்றுவது. இந்த முறையைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜெசிகா ஃப்ரிட்ரிக். 1990-களில் தன் இணையப் பக்கத்தில் ஃபார்முலாக்களை எல்லோருக்கும் போட்டுவைத்தார். யூடியூப் காலம் வந்தபின் பேட்மெஃபிஸ்டோ என்ற பெயரில் வந்த பாடங்களைப் பார்த்து ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர், இன்று செயற்கை நுண்ணறிவுத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆந்திரே கர்பாத்தி.

இந்தக் கட்டத்தில் கற்க வேண்டியது மூன்று. கடைசி அடுக்குக்கு இரண்டு இரண்டு படியாகப் போகும் சுருக்க வழி: மேல் நிறத்துக்குச் சுமார் 10 ஃபார்முலா, இடம் மாற்ற 6 ஃபார்முலா. இந்த 16-ஐயும் ஜே பெர்ம் தளத்தில் படத்தோடு ஒரே இடத்தில் பார்க்கலாம். தாளில் அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். பத்து ரூபாய்க்குள் ஜெராக்ஸ் கடையில் முடியும் வேலை. கைப்பேசியைத் திறந்தால் ஃபார்முலாவோடு நிற்காமல் வேறெங்கோ போய்விடும்.

இரண்டாவது எஃப்2எல். கார்னரையும் அதற்குரிய எட்ஜையும் மேல் அடுக்கில் ஜோடி சேர்த்து, ஒன்றாகப் பொந்தில் இறக்குவது. மொத்தம் 41 நிலை. அட்டவணையைப் பார்த்ததும் அதை மனப்பாடம் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். நாலே நாலு எளிய நிலைகள் இருக்கின்றன, 3 அல்லது 4 திருப்பில் உள்ளே போய்விடும். மற்ற 37-ல் பெரும்பாலானவற்றை இந்த நாலில் ஏதாவது ஒன்றாக மாற்றுவதுதான் வேலை. டைமரை மூடிவிட்டு, ஒரு ஜோடியை எடுத்து, ஏன் இது சேருகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். முதல் வாரம் நேரம் கூடும். 55 விநாடியில் இருந்தவர் ஒன்றரை நிமிடத்துக்குப் போவார். அங்கேதான் பலர் பயந்து பழைய முறைக்கே திரும்புகிறார்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் பழைய நேரம் திரும்பி வந்து, அதற்கும் கீழே இறங்கும்.

எஃப்2எல்லில் கெட்ட பழக்கம், ஒவ்வொரு ஜோடிக்கும் க்யூபையே சுற்றி முன்னால் கொண்டுவருவது. ஒவ்வொரு சுற்றலும் அரை விநாடியைத் தின்னும், கண்ணையும் குழப்பும். இதற்கு மருந்து ஸ்பீட்க்யூப் டிபி தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் நாலு பொந்துக்கும் தனித்தனியாக ஃபார்முலா போட்டிருப்பார்கள். எதை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்ற வாக்கும் தெரியும். பின்பக்கப் பொந்துக்கு எப்படிச் சுற்றாமல் இறக்குவது என்று வாரத்துக்கு மூன்று நான்கு நிலையாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, கூட்டல் குறி. எப்படிக் கலைந்திருந்தாலும் 8 திருப்புக்குள் முடியும், பெரும்பாலும் 6. ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் 12, 14 என்று போடுவார்கள். ஒரு பயிற்சி: கலைத்துவிட்டு, நேரம் பார்க்காமல், நாலு துண்டும் எங்கே போகும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். திறந்து பார்த்தால் தப்பு எங்கே என்று தெரியும். பிறகு சிஎஸ் டைமரின் விடையைப் பார்த்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து. நாலும் முடியவில்லை என்றால் இரண்டு துண்டில் தொடங்கலாம். எல்லாரும் அலுப்பு என்று தள்ளிவிடும் பயிற்சி இதுதான். ஆனால் நேரத்தைக் குறைப்பதில் இதற்கு நிகராக எதையும் சொல்ல மாட்டேன்.

முப்பதிலிருந்து இருபதுக்கு

இப்போது ஃபார்முலா மனப்பாடத்துக்கு நேரம் வந்துவிட்டது. இடம் மாற்றும் பிஎல்எல் 21, மேல்பக்கத்தை ஒரே நிறமாக்கும் ஓஎல்எல் 57. பிஎல்எல்லை முதலில் எடுங்கள். எண்ணிக்கை குறைவு, பலன் சீக்கிரம் தெரியும். எல்லா நிலையும் ஒரே அளவில் வராது. டி, ஒய், ஜே, ஆர், ஜி போன்ற எழுத்துப் பெயர் கொண்ட பதினாறு நிலைகள் ஒவ்வொன்றும் 18 முறைக்கு ஒரு முறை வரும். இசட், இ இரண்டும் 36-க்கு ஒன்று. ஹெச், இரண்டு என் ஆகியவை 72-க்கு ஒன்று. ஹெச், இசட் இரண்டும் சுருக்க வழியிலேயே வந்துவிட்டன. ஆகையால் என் இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் அந்த நீளமான என்னோடு போராடுவதில் பயனில்லை.

ஜி நாலும் ஒன்றையொன்று குழப்பும். ஒன்றைக் கற்று, ஒரு வாரம் விட்டு, அது கையில் உட்கார்ந்தபின் அடுத்தது. நாலையும் ஒரே நாளில் எடுத்தால் நாலும் கலந்து, ஏற்கெனவே தெரிந்த ஒன்றும் கெடும். மற்றவற்றில் இரண்டு நாளைக்கு ஒன்று என்ற வேகம் சரி.

ஃபார்முலா கையில் வந்துவிட்டது, ஆனால் சால்வ் (க்யூபை ஒருமுறை சேர்ப்பது) நடுவில் எதைப் போடுவது என்று தெரியவில்லை என்பது பலர் சொல்லும் புகார். விரலுக்கு ஃபார்முலா தெரிந்தாலும் கண்ணுக்கு நிலை தெரியவில்லை. ஜே பெர்ம் தளத்தில் உள்ள ட்ரெய்னரில் நீங்கள் கற்ற நிலைகளை மட்டும் டிக் செய்தால் அவற்றையே மாற்றி மாற்றித் தரும். ஐந்து நிலை, ஐம்பது தடவை என்று போட்டால் கண் பழகும். ஒரே நிலைக்கு இரண்டு தளத்தில் இரண்டு ஃபார்முலா பார்த்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறந்துவிடுங்கள். அவசரத்தில் பாதி அதிலும் பாதி இதிலும் போய்விடும். தேர்ந்தெடுப்பது எப்படி? திருப்பு குறைவாக இருப்பதை அல்ல, பிடி மாற்றாமல் ஓடுவதை. பி, எல் அதிகம் வரும் 9 திருப்பைவிட ஆரும் யூவும் மட்டும் வரும் 13 திருப்பு கையில் சீக்கிரம் முடியும்.

ஓஎல்எல் 57-ஐ 20 விநாடிக்கு வந்தபின் மெதுவாகத் தொடங்கினால் போதும். க்யூப் ஸ்கில்ஸ் தளத்தின் அச்சிடக்கூடிய தாள்களில் வடிவம் வாரியாகப் பிரித்திருப்பார்கள். அந்த வரிசையிலேயே போகலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிஎஃப்ஓபியில் மொத்தத் திருப்பு சுமார் 60. 20 விநாடியில் முடிக்க, விநாடிக்கு 3 திருப்பு போதும். அது வேகமே இல்லை. தட்டிப் பாருங்கள், மந்தமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் 30 விநாடிக்காரரின் நேரம் எங்கே போகிறது? நிற்பதில். ஒரு ஜோடியை இறக்கிவிட்டு அடுத்தது எங்கே என்று தேடுகிறார், நாலு ஜோடிக்கும் இப்படியே. கைப்பேசியில் உங்கள் கையைப் படம் பிடித்து, க்யூப் அசையாமல் நிற்கும் விநாடிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். பத்து விநாடி வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதற்கு வேகமான விரல் மருந்தல்ல. மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டு, ஒரு தட்டுக்கு ஒரு திருப்பு, நிற்காமல். இப்போது இறங்கும் ஜோடியைக் கை பார்த்துக்கொள்ளும், கண் அடுத்த ஜோடியைத் தேட வேண்டும். நிற்காமல் போக முடிந்தால் 70, 80 என்று ஏற்றலாம். பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இந்தப் பயிற்சிக்கு அது நல்ல இடம். டைமர் இல்லாததே அதன் சிறப்பு.

ஸ்பீட்க்யூப் டிபியில் பெரிய வீரர்களின் சால்வ்களை ஒவ்வொரு திருப்பாக எழுதிவைத்த தொகுப்பும் இருக்கிறது. 20 விநாடிக்கு அருகில் வந்தபின் அதைப் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் பிரமிப்பு மட்டும்தான் மிஞ்சும். கலைத்த வரிசையை முதலில் நீங்கள் சேர்த்துப் பாருங்கள், பிறகு அவர் எந்த ஜோடியை முதலில் எடுத்தார், ஏன் என்று ஒப்பிடுங்கள். 1982-ல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் ஜெயித்த நேரம் 22.95 விநாடி. ஒற்றைச் சால்வில் உலகச் சாதனை 2023-ல் மேக்ஸ் பார்க் 3.13, 2025-ல் சீனச் சிறுவன் ஷுவான்யி கங் 3.05. நடுவில் க்யூபும் மாறியது, ஃபார்முலாக்களும் மாறின. ஆனால் இப்படி எழுதிவைத்துப் பகிர்ந்ததால்தான் ஒருவர் கண்டுபிடித்த வழி மறுநாளே மற்றவர் கைக்குப் போகிறது.

ரூ, இசட்இசட் என்று வேறு முறைகளும் உண்டு. ரூ முறையில் திருப்பு குறைவு, நடு அடுக்கு வேலை அதிகம். பிடித்தால் மாறலாம், ஆனால் 40 விநாடியில் சலிப்பு வந்து மாறுபவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2×2, பிரமின்க்ஸ், 4×4 எல்லாவற்றுக்கும் இதே தளங்களில் பாடம் இருக்கிறது. 4×4-ல் இரண்டே துண்டு இடம் மாறி நின்றால் பயப்பட வேண்டாம், அது பாரிட்டி. அதற்கென்று தனி ஃபார்முலா உண்டு.

போட்டிக்குப் போக

உலக க்யூப் சங்கத்தின் தளத்தில் போட்டிகள் பக்கத்தைத் திறந்து நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் வரப்போகும் போட்டிகள் தெரியும். நம் பக்கத்துக்கு வசதியானவை சென்னையும் பெங்களூரும்; காட்பாடியிலிருந்து இரண்டு பக்கமும் ரயில் இருக்கிறது, சென்னை சுமார் 130 கிலோமீட்டர். தளத்தில் கணக்கு தொடங்க இலவசம். பதிவு திறக்கும் நாளும் மணியும் அந்தப் போட்டியின் பக்கத்தில் முன்கூட்டியே இருக்கும். இடம் குறைவு என்பதால் அந்த மணிக்கே உட்கார வேண்டும். முதல்முறை போகிறவர் அடையாள அட்டை எடுத்துப்போக வேண்டும். தளத்தில் கொடுத்த பெயரும் பிறந்த தேதியும் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

1 நிமிடம் ஆகிறவரும் போகலாம். பொதுவாக ஒரு சால்வுக்கு 10 நிமிடம் வரை அனுமதி உண்டு. சில சுற்றுகளில் அதைவிடக் குறைத்திருப்பார்கள், அதுவும் பக்கத்திலேயே இருக்கும். விதிகளில் வீட்டிலேயே பழக வேண்டியவை சில. பார்வை நேரம் 15 விநாடி. நடுவர் 8-லும் 12-லும் குரல் கொடுப்பார். 15-ஐத் தாண்டித் தொடங்கினால் 2 விநாடி கூடும், 17-ஐத் தாண்டினால் அந்த முயற்சியே கணக்கில் இல்லை. முடிவில் ஒரு அடுக்கு 45 பாகைக்கு மேல் கோணலாக நின்றால் அதற்கும் 2 விநாடி. க்யூபை முழுதாகக் கையிலிருந்து விட்டபின்தான் டைமரைத் தட்ட வேண்டும். விடாமல் தட்டினாலும் 2 விநாடி. வீட்டில் ஸ்பேஸ் விசையைக் கட்டை விரலால் தட்டிப் பழகியவர்கள் மேசை டைமரில் திணறுவது இங்கேதான். அங்கே இரண்டு கையையும் உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்து நிறுத்த வேண்டும். போகுமுன் ஒரு வாரம், மேசையில் க்யூபை வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசையில் தட்டியே முடித்துப் பழகுங்கள். சிஎஸ் டைமரில் இரண்டு கண்ட்ரோல் விசைகளையும் ஒன்றாக அழுத்தித் தொடங்கவும் முடியும்.